விழாக்கால வேலை: வாலண்டியராகப் போகலாமா, கூலி பேசித்தான் போகணுமா?

குடமுருட்டி
வணக்கம். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். மார்கழி தொடங்கி மாசி வரைக்கும் விழாக்களில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தியாகராஜ ஆராதனை, சிவராத்திரி நாட்டியாஞ்சலி, முடிந்தால் சென்னை டிசம்பர் சீசன். ஒரு விழாக் குழுவில் கேட்டதற்கு, "இந்த வருஷம் வாலண்டியரா வாங்க, சாப்பாடும் சர்டிபிகேட்டும் உண்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அப்பா போகாதே என்கிறார், அண்ணன் போய்ப் பார் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெட்டாறு
அப்பா சொல்வதுதான் சரி, தங்கச்சி. நான் தஞ்சாவூரில் சவுண்ட் சர்வீஸில் இருக்கிறேன். விழா வேலை வேண்டுமென்றால் விழாக் குழுவிடம் கேட்டுப் பயனில்லை. குழு என்பது தலைவர், செயலாளர், பொருளாளர் அவ்வளவுதான். அவர்கள் ஆள் வைப்பதில்லை, வேலையைக் காண்ட்ராக்ட் விட்டுவிடுவார்கள். பந்தல், மைக் செட், லைட், ஜெனரேட்டர், சமையல், அச்சுவேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காண்ட்ராக்டர் இருப்பார். சம்பளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் இவர்கள்தான். அதுவும் நேரத்தோடு எடுத்துவிடுவார்கள். ஐப்பசியில் பெரிய கோவில் சதய விழா முடிகிற நேரத்தில் மார்கழிக்கான ஆட்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆராதனைப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் கச்சேரி நடக்கும்போதே மற்றதில் அடுத்த குழு உட்கார்ந்துவிடும். ஒருவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குள் வாய்ப்பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, தம்புராவுக்கு ஒன்று என்று நகர்த்தி வைத்து, எந்த ஒயர் எந்தச் சேனல் என்று சவுண்ட் மேசையில் இருப்பவருக்குச் சைகை காட்ட வேண்டும். காலையிலிருந்து ராத்திரி வரை இதேதான். இதை இனாமாகச் செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? வாலண்டியராக வாசலில் நிற்பதும் மணிக்கணக்கில் கால் வலிக்கிற வேலைதான். அதை மட்டும் ஏன் இனாமாகக் கேட்கிறார்கள்?

அரசலாறு
வெட்டாறு தம்பி சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியும். ஆராதனையைக் கூலிக் கணக்கில் பார்க்கவே கூடாது. அங்கே பாடுகிற வித்வான்களே சன்மானம் வாங்காமல்தான் பாடுகிறார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களில் தன் சொத்தைப் போட்டு தியாகராஜ ஐயர்வாளுக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அந்த மண்ணில் நடக்கிற காரியத்தில் நாலு நாள் தண்ணீர் கொடுப்பதற்கும், வழி காட்டுவதற்கும் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதோடு, வாலண்டியராகப் போனால் ஒன்றும் கிடைக்காது என்பதும் உண்மையில்லை. நான் கும்பகோணத்தில் நாட்டியாஞ்சலிக்கு அப்படித்தான் போனேன். ஒப்பனை அறைக்கும் மேடைக்கும் நடுவில் நிற்கிற வேலை. அடுத்த குழு சலங்கை கட்டி முடித்தார்களா, பாட்டு இருக்கிற பென் டிரைவ் சவுண்ட் மேசைக்குப் போய்விட்டதா, தொகுத்து வழங்குபவர் கையில் குரு பெயரும் ஊர்ப் பெயரும் பிழையில்லாமல் எழுதிய தாள் இருக்கிறதா, எல்லாம் நம் பொறுப்பு. கேரளா, மகாராஷ்டிரா, வெளிநாடு என்று குழுக்கள் வருவார்கள். தமிழ் தெரியாத அம்மா ஒருவர் ஊசி நூல் கேட்டுத் தவித்துக்கொண்டிருப்பார், அதற்கும் ஓட வேண்டும். அந்த வேலையைப் பார்த்துத்தான் பிறகு எனக்குச் சம்பளத்துக்கு அழைப்பு வந்தது. முகம் தெரியாத பிள்ளைக்கு யார் பணம் கொடுத்து மேடைப் பொறுப்பைத் தருவார்கள்?

வடவாறு
சேவை என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். தப்பு மேளம் அடிக்கிற குடும்பம். "நம்ம ஊர் விழாதானே, நம்ம கலைதானே, வாங்க" என்று கூப்பிட்டு வேட்டி துண்டு போர்த்தி அனுப்பிவிடுவார்கள். அதே மேடையில் பந்தல்காரருக்கு முழுப் பணம் போகும்.

அரசலாறு ஐயா, வித்வான் சன்மானம் வாங்காமல் பாடுவது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அவருக்குச் சென்னையில் சபாக் கச்சேரி இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? நாகரத்தினம்மாள் கொடுத்தது அவருடைய சொத்தை. அடுத்தவர் கூலியை இல்லை.

வெண்ணாறு
எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள். ஒரு பெண் பிள்ளை கேட்டிருக்கிறாள். சிவராத்திரி நிகழ்ச்சி முடிய எந்நேரம் ஆகும்? அதற்கப்புறம் பஸ் இருக்கிறதா? ராத்திரி தங்க இடம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உடன் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேர், இதையெல்லாம் முதலில் கேளம்மா. நான் ஒரு கேட்டரிங் குழுவோடு சென்னை சீசனுக்குப் போனேன். சபா கேன்டீனில் கூட்டம் அலைமோதும், நின்றபடியே நாள் போகும். வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். தங்கக் கொடுத்த இடம்தான் கஷ்டம். ஒரே அறையில் பாத்திரமும் நாங்களும். சம்பளத்தைப் பேசிய நான் தங்குமிடத்தைப் பேசவில்லை.

வெட்டாறு
அக்கா சொல்வது முக்கியம். சென்னைக் கணக்கை இன்னும் விளக்கமாகப் பார்க்கலாம். சீசன் கூட்டம் டிசம்பர் பாதியிலிருந்து புத்தாண்டு வரை. சபாக்கள் மயிலாப்பூர், தி.நகர் பக்கம். அங்கே சொந்தமாக அறை எடுத்துத் தங்கினால் கூலியில் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடும். தங்குமிடம் தருகிற காண்ட்ராக்டரோடு போனால்தான் கட்டுப்படியாகும்.

ஆராதனை திதியை வைத்து வருவது, புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். பொங்கலுக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். 2025-ல் ஜனவரி 18. முன்னால் வருகிற வருஷம் சென்னையிலிருந்து திரும்பியவுடன் இங்கே ஏறிவிட வேண்டும். இதையும் பார்த்துத் தேதி கொடுங்கள். சம்பா அறுவடையும் அதே தையில்தான். கதிர் அறுக்கிற மிஷின் வந்ததிலிருந்து அறுப்புக்கு ஆள் குறைந்துவிட்டது. அதனால் பந்தல் வேலைக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் இடம் இருக்காது.

அரசலாறு
வடவாறு சொன்னது மனசைத் தைக்கிறது. கலைஞருக்குப் பணம் கொடுக்காமல் அனுப்புவது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் நான் பேசுவது வேறு. கல்லூரி முடித்த பிள்ளை ஒரே ஒரு விழாவுக்கு, தன் ஊரில், நாலு நாள் போய் நாலு பேரைத் தெரிந்துகொள்வது. அதையும் சுரண்டல் என்று சொல்லிவிட்டால் விழாவை நடத்த ஆளே இருக்காது. எங்கள் பக்கத்து நாட்டியாஞ்சலிகள் நன்கொடையில் ஓடுகின்றன.

வடவாறு
நன்கொடையில் ஓடினாலும் ஜெனரேட்டருக்கு டீசல் கடனில் வருவதில்லையே ஐயா. இந்தப் பிள்ளைக்கு என்று ஒரு வரி பட்ஜெட்டில் எழுதச் சொல்லுங்கள், போதும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதை நான் நம்ப மாட்டேன். அடுத்த வருஷம் வேறொரு பிள்ளை புதிதாக வந்து நிற்கும்.

இங்கே படிக்கிற கலைஞர்களுக்கு ஒன்று: நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கி வையுங்கள். பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் நடத்துவது அரசின் கலை பண்பாட்டுத் துறை. அங்கே விண்ணப்பிக்க, குழுவின் வீடியோ ஒன்றை நல்ல வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.

குடமுருட்டி
எல்லோருக்கும் நன்றி. அரசலாறு ஐயா சொன்ன மேடைப் பொறுப்பு வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சும்மா போக மனசில்லை. வெட்டாறு அண்ணா, சவுண்ட் சர்வீஸில் பெண்களை எடுப்பார்களா? எனக்கு அந்த வேலை ஒன்றும் தெரியாது.

வெட்டாறு
எங்களிடம் இதுவரை இல்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் வந்து கேட்டதுமில்லை. முதல் வேலையே ஒயர் சுற்றுவதுதான். முறுக்கு விழாமல் வளையம் வளையமாகச் சுற்றப் பழகினால் அப்புறம் மைக் ஸ்டாண்டைத் தொட விடுவார்கள். உங்களுக்குக் கணக்கு தெரியும் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. எந்தப் பந்தலுக்கு எத்தனை ஸ்பீக்கர் பெட்டி போனது, எத்தனை திரும்பியது என்று எழுத ஆள் இல்லாமல் சீசன் முழுக்க எல்லா முதலாளியும் திண்டாடுகிறார்கள். பெரும்பாலும் பகல் வேலை.

போனில் கேட்காதீர்கள். கிடங்குக்குக் காலையில் வண்டி ஏற்றுகிற நேரத்தில் அப்பாவோடு நேரில் போங்கள். தினக்கூலி எவ்வளவு, ராத்திரி நீண்டால் பேட்டா உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, பணம் அன்றன்றைக்கா விழா முடிந்தா, இந்த நாலையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசலாறு
அம்மா, நம் பக்கத்து நாட்டியாஞ்சலிக் குழு ஒன்றில் எனக்குப் பழக்கம் உண்டு. மேடைப் பொறுப்புக்குத் தினக்கூலி வைக்க முடியுமா என்று நானே கேட்டுப் பார்க்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.