கை ஓய்ந்த பிறகு நான் எதற்கு?

பூக்கல்காரர், ஆத்தங்குடிப் பக்கம்:

எனக்கு வயது 57. சிறு வயதிலிருந்தே பூக்கல் பட்டறையில் வேலை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பூக்கல் என்றால் தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்டுக் கல். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவோம். ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் அச்சைத் தூக்குவதில்தான் வேலையே இருக்கிறது. பின்னால் மணல், கலவை, தண்ணீர்த் தொட்டி, வெயில் எல்லாம் உண்டு. அதை யாரும் பழகிக்கொள்ளலாம்.

போன வருஷத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். முழுசாகக் குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அச்சைத் தூக்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடுகிறது. அதனால் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறான், வீட்டுக்காரி பனையோலைக் கொட்டான் முடைகிறாள். ஆனால் காலையில் தெருவே வேலைக்குப் போகும்போது நான் மட்டும் வாசலில் உட்கார்ந்திருப்பது தாங்க முடியவில்லை.

நான் கத்தோலிக்கன். சின்னப் பிள்ளையில் அம்மா எங்களை ஓரியூருக்குக் கூட்டிப்போவார், 1693இல் அருளானந்தர் சாமியார் விசுவாசத்துக்காகத் தலை வெட்டுப்பட்டு உயிர்விட்ட ஊர். கடவுள் ஒவ்வொருவரையும் ஒரு காரியத்துக்காகப் படைத்திருக்கிறார் என்று அங்கே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். அவருக்கு வேதசாட்சி, எனக்குப் பூக்கல் என்று நிஜமாகவே நம்பினேன். அந்தக் காரியம் முடிந்துவிட்டது என்றால் நான் எதற்கு மிச்சம் இருக்கிறேன்? பங்குச் சாமியாரிடம் கேட்கக் கூச்சம். ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம், பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேவகோட்டை வாசி:

அண்ணே, சும்மா உட்கார்ந்தால் மனசு இப்படித்தான் போகும். கோயிலில் ஏதாவது பொறுப்பு கேட்டு வாங்குங்கள். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போகலாம். நாலு பேருக்குப் பிரயோஜனமாக இருந்தால் இந்தக் கவலை தானாகப் போய்விடும்.

காரைக்குடி டீச்சர் (ஓய்வு):

தேவகோட்டைத் தம்பி நல்ல மனசோடு சொல்கிறார். ஆனால் அண்ணன் கேட்டது வேறு. இன்னொரு வேலையைப் பிடித்துக்கொண்டால், அந்த வேலையும் ஒருநாள் கையை விட்டுப் போகும்போது இதே கேள்வி திரும்ப வரும். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது இதைத்தான் கேட்டார். எழுந்து உட்காரவே முடியாதவரிடம் சங்கத்தில் சேருங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நாங்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. அவருக்கு மாற்கு முதல் அதிகாரத்தை வாசித்துக் காட்டுவேன். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் வாங்கிக் கரையேறும்போது, நீர் என் அன்பு மகன், உம்மேல் பிரியமாக இருக்கிறேன் என்ற பொருளில் வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அதற்கு முன்னால் அவர் என்ன செய்திருந்தார் என்று பாருங்கள். ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு சீஷனைச் சேர்க்கவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை பார்த்தவர், அவ்வளவுதான். பிரியம் முதலில் வந்தது, ஊழியம் அப்புறம்தான் தொடங்கியது. நாம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உழைத்தால்தான் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அண்ணே, உங்கள் கை நன்றாக இருந்தபோதும் கடவுள் உங்களைப் பூக்கலுக்காக நேசிக்கவில்லை.

அடுத்தது எலியா. சூரைச்செடிக்கு அடியில் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர். அப்படிப்பட்ட தீர்க்கதரிசியைக் கடவுள் திட்டவில்லை, உடனே வேலையும் கொடுக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். வேலை வந்தது பிற்பாடு, ஓரேப் மலையில். அந்த வேலைகளில் ஒன்று, தன் இடத்துக்கு எலிசாவை ஏற்படுத்துவது. உங்களுக்கும் துக்கப்பட நாள் வேண்டும். ஆயுசு முழுக்கப் பழகிய கை அது. அழுதால் விசுவாசம் குறைந்துவிடாது.

எங்கள் வீட்டில் அடிக்கடி பேசிக்கொண்ட இன்னொரு ஆள் ஏமி கார்மைக்கேல் அம்மா. மிஷனரியாக வந்து, திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பெண்பிள்ளைகளை வளர்த்தவர். 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். படுக்கையிலிருந்தே நிறைய எழுதினார் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எழுத முடியாத நாட்களிலும் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் அம்மாவாகவே இருந்தது.

பள்ளத்தூர்:

மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது மட்டும். மத்தேயு 10இல் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12இல் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு. அதையும் கடவுள் மறப்பதில்லை என்றுதான் அந்த வசனம் சொல்கிறது.

பூக்கல்காரர், ஆத்தங்குடிப் பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதை வீட்டுக்காரியை விட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அழுதால் விசுவாசம் குறையாது என்ற இடத்தில் அவளும் அழுதுவிட்டாள்.

எலிசா விஷயம் மனசில் பிடித்துக்கொண்டது. பட்டறையில் ஒரு பையன் இருக்கிறான், நல்ல கை, அவசரக்காரன். கரைசலின் பதத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கண் போதும். முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்றுமே செய்யாதபோதும் பிரியம் என்று டீச்சரம்மா சொன்னது இன்னும் உள்ளே இறங்கவில்லை. எங்கள் அப்பா கூலி கொண்டுவந்த நாளில்தான் முகம் பார்த்துப் பேசுவார். கடவுளும் அப்படித்தான் என்றே இருந்துவிட்டேன். அந்த மாற்கு வசனம் எத்தனாவது என்று சொல்லுங்கள்.

காரைக்குடி டீச்சர் (ஓய்வு):

11ஆம் வசனம். 9இலிருந்து ஆரம்பியுங்கள். எலியா கதை எங்கள் பைபிளில் 1 இராஜாக்கள் 19, உங்களுடையதில் 1 அரசர்கள் என்று இருக்கும். என் வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் இறங்கவில்லை அண்ணே. தினமும் வாசிக்கச் சொல்லுங்கள்.