கடற்கன்னியின் குரல்: கொழும்பில் நாங்கள் கண்ட பார்வையாளர்கள்

வெள்ளவத்தை, சிறுவர் வாசிப்பு வட்டமொன்றை நடத்துபவர்

ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1837 இல் டேனிஷ் மொழியில் வெளியிட்ட கடற்கன்னிக் கதையை இன்றைய பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாமா என்று பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். எங்கள் தொடர்மாடியின் பொது மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் பிள்ளைகளுக்கு அதை முழுமையாக வாசித்துக் காட்டியபோது நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அவர்களில் அநேகர் டிஸ்னியின் 1989 ஆம் ஆண்டுச் சித்திரப் படத்தையோ, 2023 இல் ராப் மார்ஷல் இயக்கத்தில் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட படத்தையோ ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மூலக்கதையின் முடிவு அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடலரசனின் ஆறு மகள்களில் இளையவள் பதினைந்தாவது வயதில் நீர்மட்டத்துக்கு வருகிறாள். கப்பலில் ஓர் இளவரசனைக் காண்கிறாள். புயலில் அவனைக் காப்பாற்றுகிறாள். கடற்சூனியக்காரி அவளுடைய நாக்கை அறுத்து எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகக் கால்களைக் கொடுக்கிறாள். எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமுனையில் மிதிப்பதுபோல வலிக்கும். கரையில் கோயிலடியில் தன்னைக் கண்டெடுத்த வேறொருத்தியே தன்னைக் காப்பாற்றினாள் என்று நம்பி, இளவரசன் அவளை மணக்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் மீண்டும் கடலுக்கே திரும்பிவிடலாம் என்று சகோதரிகள் தங்கள் கூந்தலை விலையாகக் கொடுத்து ஒரு கத்தியை வாங்கி வருகிறார்கள். அவள் அந்தக் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதித்து நுரையாகிறாள்; பின்னர் காற்றின் மகளிருள் ஒருத்தியாக எழுகிறாள்.

நாக்கு அறுபடும் இடத்தில் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அங்கே பயத்தைவிடக் கோபமே எழுந்தது. "ஏன் அன்ரி, அவ எழுதிக் காட்டியிருக்கலாமே?" என்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். 1989 ஆம் ஆண்டுப் படத்தில் கடற்கன்னி ஒப்பந்தத்தில் தன் பெயரைக் கையொப்பமிடுகிறாளே, அப்படியென்றால் எழுதத் தெரியுந்தானே என்று இன்னொருவன் அவளுக்குத் துணைநின்றான். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் உலகின் பல இடங்களிலும் எழுப்பிய அதே கேள்வியை இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்தார்கள். மூலக்கதையில் அவள் எழுதவும் முனைவதில்லை, எழுதத் தெரியாதவள் என்றும் கூறப்படுவதில்லை.

அந்தச் சிறுமி அத்துடன் விடவில்லை. அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கடற்கன்னி இளவரசனுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதத்தைத் தானே எழுதினாள்: "உங்களைத் தண்ணியில இருந்து தூக்கினது நான்தான். கோயிலடியில் நீங்கள் கண்ட அக்கா பிறகுதான் வந்தவ. எனக்கு நடக்கேக்க கால் நோகுது. அதையும் ஒருக்கால் யோசியுங்கோ." கீழே பெயருக்குப் பதிலாக ஒரு மீன்வாலை வரைந்திருந்தாள். இந்தக் கதையைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய பல விமர்சனங்களை வாசித்திருக்கிறேன். அந்த மூன்றாவது வரியளவுக்குக் கதைக்குள் இறங்கியவற்றை அவற்றில் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

ஒரு பகுதி மட்டும் எனக்கு இன்றுவரை உவப்பாக இல்லை. காற்றின் மகளிர் 300 ஆண்டுகள் நன்மை செய்தால் அவர்களுக்கு அழியாத ஆன்மா கிடைக்கும் என்றும், நல்ல பிள்ளை ஒன்றைக் கண்டு அவர்கள் மகிழ்ந்து முறுவலித்தால் அதில் ஓராண்டு குறையும் என்றும், கெட்ட பிள்ளையைக் கண்டு அழுதால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு நாள் கூடும் என்றும் அன்டர்சன் கதையை முடிக்கிறார். அதைக் கேட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "நான் குழப்படி செய்தா அவவுக்கு நாள் கூடுமா?" என்று முகம் வாடிக் கேட்டான். வீட்டில் நாள்தோறும் குழப்படிக்காரன் என்று பெயர் வாங்குகிற பிள்ளை அவன். தன் உயிரைக் கொடுத்துப் பிறனைக் காத்த ஒருத்தியின் விடுதலையை இப்படிச் சின்னஞ்சிறுவர்களின் தலையில் சுமத்துவது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். அதை அவனிடமும் சொன்னேன். ஆனாலும் அந்தப் பத்தியை நான் தாண்டிச் செல்வதில்லை. பிள்ளைகள் கதாசிரியரோடும் முரண்படலாம் என்பதை அறிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கதையில் இல்லை.

தன் மகள் அன்றிரவு அழுததாக ஒரு தாய் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அந்த மகள்தான் மறுவாரம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டவள்.

கொட்டாஞ்சேனை, இரண்டு பெண்பிள்ளைகளின் தந்தை

மேலே எழுதியவர் தொடாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். 2019 இல் ஹாலி பெய்லி என்ற கறுப்பின நடிகை 2023 ஆம் ஆண்டுப் படத்தின் கடற்கன்னியாகத் தெரிவுசெய்யப்பட்டபோதும், 2022 செப்டெம்பரில் முன்னோட்டக் காட்சி வெளியானபோதும் எழுந்த எதிர்ப்பை அநேகர் நினைவில் வைத்திருப்பீர்கள். அதே நாட்களில், திரையில் தங்கள் நிறத்தில் ஒரு கடற்கன்னியைக் கண்ட கறுப்பினச் சிறுமிகள் வியந்து மகிழ்ந்த காணொளிகளும் உலகெங்கும் பரவின. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மூத்த மகளைப் பற்றியே நினைத்தேன். அவள் நல்ல கறுப்பு; தங்கை சற்று வெள்ளை. உறவினர் வீடுகளில் இருவரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டுப் பேசுவதை நான் பலமுறை தடுக்க வேண்டியிருந்தது. கடையில் சவர்க்காரம் வாங்கப் போனால்கூட முகத்தை வெளுப்பாக்கும் களிம்பைக் காட்டி அவளுக்குப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள்.

2023 இல் படம் இங்கே திரையிடப்பட்டபோது இருவரையும் அழைத்துச் சென்றேன். இடைவேளையில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "கறுப்பியப் போட்டுக் கதையையே கெடுத்திட்டாங்கள்" என்று உரத்த குரலில் தமிழிலேயே சொன்னார். மூத்தவள் திரும்பிப் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் அவள் பேசியதெல்லாம் அந்த நடிகையின் குரலைப் பற்றியே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னலை அவிழ்த்து, தன் சுருள்முடியை விரித்தபடியே வெளியே வரலாமா என்று தாயிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிக் கேட்டது அதுவே முதற்றடவை.

கதை டென்மார்க்கினருடையது, ஆகவே கடற்கன்னி வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். அன்டர்சன் அவளுக்கு ரோசா இதழ் போன்ற மேனியையும் ஆழ்கடல் போன்ற நீல விழிகளையும் கொடுத்திருக்கிறார் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1989 ஆம் ஆண்டுப் படம் தந்த சிவந்த கூந்தலும் ஏரியல் என்ற பெயரும் அன்டர்சனின் கதையில் இல்லை. நாக்கை அறுப்பதற்குப் பதிலாகக் குரலைச் சிப்பிக்குள் அடைத்ததும், நுரையாகிப் போனவளைத் திருமணக் கோலத்தில் கப்பலேற்றியதும் அந்தப் படமே. அத்தனை மாற்றங்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விரும்பி ஏற்றவர்கள், நிறம் மாறியபோது மட்டும் மூலக்கதைக்குக் காவல் நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் சொந்த ஊர் மட்டக்களப்பு. முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள்ளிருந்து இசை கேட்கும் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். சுவாமி விபுலானந்தர் 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் அந்த இசையை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தேவமகளிரின், பாடலாகவே போற்றினார். நாங்கள் கற்பனை செய்த நீரர மகளிர் எங்கள் அக்காமாரைப் போலவே இருந்தார்கள். என் மகள்களிடமும் இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். "எங்கட ஊர்க் கடற்கன்னிக்குப் பாட்டுப் போகேல்லயே" என்றாள் இளையவள்.

தெஹிவளை, இல்லத்தரசி

என் தங்கை டென்மார்க்கில் குடியேறியவள். அவளுடைய மகள், என் பெறாமகள், விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது 2023 ஆம் ஆண்டுப் படத்தை எங்களுடன் பார்த்தாள். அவளுக்கு நிறம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. கடற்கன்னி நுரையாகவில்லை என்பதுதான் அவளுடைய முறைப்பாடு. "கடைசியில அவ சாகாட்டி அது வேற கதை, பெரியம்மா" என்று அடித்துச் சொன்னாள்.

நான் டென்மார்க் போனபோது அவள்தான் என்னைக் கொப்பன்ஹேகன் துறைமுகக் கரைக்கு அழைத்துச் சென்று, எட்வர்ட் எரிக்சன் வடித்து 1913 இல் நிறுவப்பட்ட கடற்கன்னிச் சிலையைக் காட்டினாள். உயரம் 1.25 மீற்றர்தான், இவ்வளவு சிறியதா என்று சுற்றிலும் நின்றவர்கள் ஏமாற்றத்தோடு பேசிக்கொண்டார்கள். 1964 இலும் 1998 இலும் அதன் தலையை அறுத்திருக்கிறார்கள். 1984 இல் ஒரு கையை அறுத்திருக்கிறார்கள். 2020 இல் அது அமர்ந்திருக்கும் பாறையில் இனவாத மீன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு கதையில் வரும் பெண்மீது மனிதர்களுக்கு இத்தனை ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே நின்று நெடுநேரம் யோசித்தேன். கதைக்குள்ளும் அவள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவள்.

பம்பலப்பிட்டி, நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியை

இந்தக் கதையை எங்கள் மாணவிகளைக் கொண்டு மேடையேற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஒத்திகைக்கு முன்னர் இரண்டு படங்களையும் பத்தாம் தரத்து மாணவிகளுக்குக் காட்டினேன். முதற்படத்தில் சூனியக்காரியைக் கப்பலால் மோதிக் கொல்பவன் இளவரசன். 2023 ஆம் ஆண்டுப் படத்தில் அதைச் செய்பவள் கடற்கன்னியே. அந்த மாற்றத்தை எல்லோரும் வரவேற்றார்கள். கடற்கன்னியை முத்தமிடுமாறு இளவரசனைத் தூண்டும் பாடலின் சில வரிகள், பெண்ணின் சம்மதம் இல்லாமல் நடப்பதுபோல் தொனிக்கக்கூடாது என்பதற்காகப் புதிய படத்தில் திருத்தப்பட்டன. அதில் அவர்களுக்கு நிறைவில்லை. பேச முடியாத ஒருத்தியிடம் சம்மதம் பெறுவது எப்படி என்பதை வரியை மாற்றித் தீர்க்க முடியாது, அந்தக் காட்சியையே வேறுவிதமாக அமைத்திருக்க வேண்டும் என்று ஒருத்தி வாதிட்டாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

குரலை மேடையில் எப்படிக் காட்டுவது என்பதே எங்களுடைய பெரிய கேள்வியாக இருந்தது. நாட்டுக்கூத்தில் ஆடுபவர் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள் அல்லவா? அந்த முறையை எடுத்துக்கொண்டோம். முதற்பாதியில் கடற்கன்னி பாட, பின்னால் நிற்கும் மாணவிகள் வாங்கிப் பாடினார்கள். நாக்கு அறுக்கப்பட்ட பின்னர் அவள் வாய்மூடி ஆட, பிற்பாட்டு மட்டும் தொடர்ந்தது. முதலடி ஒலிக்க வேண்டிய நேரமெல்லாம் மத்தளத்தின் தாளம் மட்டுமே கேட்கும்; அதற்குப் பிறகு, யாரும் பாடாத அந்த அடியை மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பார்வையாளர்களுக்குக் கேட்கும் அந்தப் பாட்டு இளவரசனுக்குக் கேட்காது. அவன் அவளைக் கடந்து மணமேடைக்குப் போகும்போது சபையிலிருந்த சிறுவர்கள், "பின்னால பார்!" என்று அவனை நோக்கிக் கத்தினார்கள்.

கத்திக் காட்சியில் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கடற்கன்னி உறங்கும் இளவரசனின் அருகில் கத்தியோடு நின்றபோது, பின்வரிசையில் இருந்த உயர்தர மாணவிகள் சிலர் "குத்து, குத்து" என்று குரலெழுப்பினார்கள். அதில் கேலி இல்லை. அவளுக்காகப் பொங்கிய கோபமே இருந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மம்மா கதிரையிலிருந்து பாதி எழுந்து, "வேண்டாம் பிள்ளை" என்றார். நடித்த மாணவி இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஒத்திகையில் நாங்கள் தீர்மானித்ததைவிட நெடுநேரம் அப்படியே நின்றாள். அதன் பின்னரே கத்தியை எறிந்தாள்.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர்கள் கலைந்து போகாமல் அங்கேயே நின்று விவாதித்தார்கள். இறுதியில் கல்யாணம் ஆகியிருந்தால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார் ஒரு தந்தை. அன்பு காட்டாதவனுக்காக ஒரு பெண் தன்னை அழித்துக்கொள்வதை மேடையேற்றலாமா, நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் ஏற்கெனவே போதிய அளவு விட்டுக்கொடுக்கவில்லையா என்று ஒரு தாய் கேட்டார். கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. கடற்கன்னியாக நடித்தவளே அவருக்கு மறுமொழி சொன்னாள்: "அவனுக்காக நான் எறியேல்ல, அன்ரி. குத்தினா நானும் அந்தச் சூனியக்காரி மாதிரி ஆகிடுவன்." அந்தத் தாய் அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை, என் மாணவியும் தன் கருத்திலிருந்து இறங்கவில்லை.

அடுத்த தவணை இதே நாடகத்தை மீண்டும் மேடையேற்றவிருக்கிறோம். தன்னைக் காப்பாற்றியவள் யார் என்பதை இளவரசன் காலம் கடந்தேனும் அறிந்துகொள்ளும் ஒரு காட்சியைச் சேர்க்க வேண்டும் என்று மாணவிகள் கேட்கிறார்கள். மூலக்கதையில் அப்படியொரு காட்சி இல்லை. காலையில் அவளைக் காணாமல் அவனும் மணப்பெண்ணும் நுரையைப் பார்த்தபடி நிற்பதோடு அவனுடைய கதை முடிந்துவிடுகிறது. வெள்ளவத்தைச் சிறுமி எழுதிய அந்தக் கடிதத்தை, அவளும் பெற்றோரும் உடன்பட்டால், அந்தக் காட்சிக்காகப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். கடிதத்தை வாசித்த பின்னர் அவன் என்ன செய்வான் என்பதில் என் மாணவிகள் இன்னும் இரண்டு பக்கமாகவே நிற்கிறார்கள்.