தினமும் தானாக பேக்கப்: டாஸ்க் ஷெட்யூலர் 'ரன்னிங்' என்கிறது, டிஸ்க்கில் ஃபைல் வரவில்லை

சிவகாசி டிடிபி:

வணக்கம். வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கிறேன். தினசரி காலண்டர், பில் புக், கல்யாணப் பத்திரிகை, இடையிடையே புத்தக லேஅவுட். பேஜ்மேக்கரும் கோரல் டிராவும் போட்ட பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. வேலை ஃபைல் எல்லாம் டி டிரைவில் ஒரே ஃபோல்டருக்குள் இருக்கின்றன.

எங்கள் தொழிலுக்குப் பழைய ஃபைல்தான் முதல். "போன வருஷம் போட்டதையே எடுங்க, தேதியும் கடைப் பேரும் மாத்துனா போதும்" என்றுதான் பார்ட்டிகள் வருவார்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் அதற்கு முந்தின மாதங்களில் இந்த ஊரில் யாருக்கும் நேரமே இருக்காது. ஃபைல்கள் அதிகம் மாறுவதும் அப்போதுதான், காப்பி எடுக்க மறப்பதும் அப்போதுதான். அதனால் என் ஞாபகத்தை நம்பாமல் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன்.

இதுவரை இ டிரைவில் ஒரு நகல் வைத்திருந்தேன். இப்போது 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கியாயிற்று. தம்பி ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை எழுதி வைக்கும் ஃபைல்) எழுதித் தந்தான்: விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை, கூடவே எம்ஐஆர் சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு), வேறு எதுவும் இல்லை. குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் இரவு 9 மணிக்கு வைத்திருக்கிறோம். முதல் நாள் எல்லாம் நகலானது. அதன்பிறகு புது ஃபைல்களில் பாதி போவதில்லை. சில நாள் ஷெட்யூலரில் 'ரன்னிங்' என்றே இருக்கிறது, நான் மெஷினை அணைக்கும்வரை அப்படியேதான். வேலை சீக்கிரம் முடிந்து 9 மணிக்கு முன்பே அணைத்துவிட்டால் அன்றைக்கு ஓடுவதே இல்லை. எங்கே கோளாறு?

தென்காசி சர்வீஸ்:

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் இரண்டு தனித்தனி காரணத்தால் வருகின்றன. வீடுகளுக்குப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். இந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் 'ரன்னிங்'. ஒரு ஃபைலை எடுக்க முடியவில்லை என்றால் ரோபோகாப்பி அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாது. 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் இப்படி 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டால் ஒரே ஒரு ஃபைலுக்கு 347 நாள் வருகிறது. டாஸ்க் ஷெட்யூலரோ, பழைய ஓட்டம் முடியாத வரை புதிதாக ஒன்றைத் தொடங்காது. அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. ஆக, 9 மணிக்கு உங்கள் மெஷினில் ஏதோ ஒரு ஃபைல் வேறு மென்பொருளின் பிடியில் இருக்கிறது. ரோபோகாப்பி அதன் வாசலிலேயே நிற்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டிய ஃபைல்களும் நிற்கின்றன. பாதி ஃபைல் போகாததற்கு இதுதான் காரணம்.

பேட்ச் ஃபைலில் மூன்று சுவிட்ச் சேருங்கள். எல்லாமே சாய்கோடு போட்டு ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியவை. ஆர், முக்காற்புள்ளி, 2 என்றால் இரண்டு முறை மட்டும் மறுபடி முயலும். டபிள்யூ, முக்காற்புள்ளி, 5 என்றால் ஐந்து விநாடி இடைவெளி. மூன்றாவது லாக், அதன் பின்னால் கூட்டல் குறி, முக்காற்புள்ளி, ஒரு டெக்ஸ்ட் ஃபைலின் பெயர். கூட்டல் குறியை விட்டால் ஒவ்வொரு நாளும் முந்தின நாள் பதிவை அழித்து எழுதும். அந்த லாக்கைத் திறந்து 'எரர்' என்று தேடுங்கள். எரர் 32 என்று இருந்தால் அந்த ஃபைல் வேறெங்கோ திறந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. எரர் 23 என்று வந்தால் டிஸ்க்கிலிருந்து படிக்கவே முடியவில்லை என்று அர்த்தம். உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் அது வந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள்.

அடுத்து, சீக்கிரம் அணைக்கிற நாள். டாஸ்க்கைத் திறந்து 'செட்டிங்ஸ்' பக்கத்துக்குப் போனால், 'ரன் டாஸ்க் ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று தொடங்கும் ஒரு கட்டம் டிக் இல்லாமல் இருக்கும். தவறிப்போன வேலையை மெஷின் அடுத்து ஆன் ஆனதும் பிடித்துக்கொள்ள அதுதான் வழி. நேரத்தையும் மாற்றுங்கள் என்பேன். இரவு 9 மணி உங்கள் வேலை நேரம். மதியம் சாப்பிடப் போகிற நேரமாக வையுங்கள். மெஷின் ஆன் ஆகியிருக்கும், ஃபைல்கள் மூடியிருக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் 'ஏசி பவர்' என்கிற கட்டம் முதலிலேயே டிக் ஆகியிருக்கும். சார்ஜர் மாட்டாத நாளில் டாஸ்க் தொடங்காது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் அதிகக் கவலை. எம்ஐஆர் சுவிட்சை எடுத்துவிடுங்கள். அது இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்கும். டி டிரைவில் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் அடுத்த ஓட்டத்தில் வெளி டிஸ்க்கிலும் அழித்துவிடும். பேட்ச் ஃபைலில் ஒரு எழுத்து தப்பி, காலியான ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அங்கே இருப்பதை மொத்தமாகத் துடைத்துவிடும். தம்பி நல்லதற்குத்தான் போட்டிருப்பார், இடம் மிச்சமாகும். ஆனால் போன வருஷ ஃபைலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது ஆகாது. அதற்குப் பதில் இ என்ற சுவிட்ச் போதும். உள் ஃபோல்டர்கள் எல்லாம் போகும், அங்கே இருப்பது எதுவும் அழியாது.

இ டிரைவ் நகலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். சி, டி, இ மூன்றும் 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் இருந்தால் மூன்றும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகள். அது போனால் மூன்றும் போகும். கோரல் டிரா தானாகப் போட்டு வைக்கும் 'பேக்கப் ஆஃப்' ஃபைலும் அசல் ஃபைலுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான். ஃபைல் கெட்டுப்போனால் அது கைகொடுக்கும், டிஸ்க் போனால் கொடுக்காது.

அதே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் வெளி டிஸ்க்குக்கு எக்ஸ் மாதிரி கடைசி எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் யாராவது பென் டிரைவ் செருகிய அன்று எழுத்து மாறி, ரோபோகாப்பி இல்லாத டிரைவைத் தேடும்.

மதுரை வாசகன்:

இவ்வளவு எதற்கு? கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ போட்டு அந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டால் மாறுகிற நொடியிலேயே மேலே போய்விடுமே. நேரமே குறிக்க வேண்டாம்.

தென்காசி சர்வீஸ்:

மதுரை நண்பரே, கூட ஒன்றாக வைத்துக்கொள்ள நல்லதுதான். வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் தானாகவே போய்விடும். காலண்டர் வேலையில் ஒரு ஃபைல் காணவில்லை என்பது அடுத்த வருஷம் அதைத் தேடும்போதுதான் தெரியவரும். இலவச இடமும் கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி. அச்சுக்குப் போகிற படங்கள் உள்ள ஃபோல்டர் அதில் அடங்காது.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பியது. வீட்டுக்கு இதை எளிதாகச் செய்யலாம்: மெஷினில் இருப்பது ஒன்று, தினமும் தானாக எடுக்கும் வெளி டிஸ்க் ஒன்று, மாதம் ஒருமுறை நகல் எடுத்து அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைக்கும் இன்னொரு டிஸ்க். அந்த மூன்றாவதைச் செருகியே வைத்திருக்கக் கூடாது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை மாதிரியான ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), செருகியிருக்கும் டிஸ்க்குகளில் உள்ள ஃபைல்களையும் சேர்த்துத்தான் பூட்டும். தானாக நடக்கிற பேக்கப்புக்கு டிஸ்க் செருகியே இருக்க வேண்டும் என்பதால் அதன் பலமும் பலவீனமும் ஒன்றேதான். கையால் எடுக்கிற அந்த ஒரு நகலை நான் யாரையும் விட விடமாட்டேன்.

லினக்ஸ் தோழர்:

கேள்வி விண்டோஸ் பற்றியது, தெரியும். ஆனால் தேடி வருகிற லினக்ஸ்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன். லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்குவது கிரான். அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால் அந்த வேலை போனதுதான், பிறகு பிடிக்காது. வீட்டு மெஷினுக்குத் தவறிய வேலையைப் பிறகு பிடிக்கும் அனாக்ரான் ஏற்றது, அல்லது சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கி வைக்கலாம். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைப் பயன்படுத்தினால் 'லிங்க் டெஸ்ட்' ஆப்ஷனைப் பாருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழு ஃபோல்டர் இருக்கும், மாறாத ஃபைல்களுக்கு ஹார்ட் லிங்க் (பழைய நகலையே சுட்டும் இன்னொரு பெயர்) மட்டும் போடுவதால் இடம் பெருகாது. நேற்றைய நிலை, போன வாரத்து நிலை எல்லாம் அப்படியே கிடைக்கும். விண்டோஸில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது?

தென்காசி சர்வீஸ்:

ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, விண்டோஸ் 8 காலத்திலிருந்தே. கன்ட்ரோல் பேனலில் போய் ஆன் செய்தால், வேறு எதுவும் மாற்றாவிட்டால் மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும். ஒவ்வொரு நகலின் பெயரிலும் தேதியும் நேரமும் சேர்ந்திருக்கும். காலையில் இருந்த லேஅவுட்டைப் பார்ட்டி மாலையில் திரும்பக் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். ஒரு விஷயம்: டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி இடங்களைத்தான் அது தானாக எடுக்கும். டி டிரைவ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'இன்க்லூட் இன் லைப்ரரி' கொடுக்க வேண்டும். ரோபோகாப்பியை நிறுத்த வேண்டாம். அது போடும் நகல் அசல் பெயரோடு இருப்பதால் எந்த மெஷினில் செருகினாலும் உடனே வேலை பார்க்கலாம்.

சிவகாசி டிடிபி:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி எல்லாம் மாற்றியாயிற்று. லாக்கில் எரர் 32 வந்தது. பில் போடுகிற மென்பொருளின் டேட்டா ஃபைலையும் அதே ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறோம், அந்த மென்பொருள் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். இப்போது மதியம் அதை மூடிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன். புது ஃபைல் எல்லாம் போகின்றன.

இரண்டு சந்தேகம். ஷெட்யூலரில் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்ற இடத்தில் 0எக்ஸ்1 என்று காட்டுகிறது. நெட்டில் பார்த்தால் அது பிழை என்கிறார்கள். இரண்டாவது, வெளி டிஸ்க்கைத் தம்பியின் லேப்டாப்பில் செருகி ஒரு பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தோம். திறந்தது, ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. நகல் கெட்டுவிட்டதா?

தென்காசி சர்வீஸ்:

இன்னொரு மெஷினில் திறந்து பார்த்தீர்களே, இந்த இழையில் நடந்த நல்ல காரியம் அதுதான். பேக்கப் ஓடுகிறது என்று பச்சை விளக்கைப் பார்த்தே திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம்.

0எக்ஸ்1 உங்களுக்குப் பிழை இல்லை. மற்ற நிரல்களில் பொதுவாக 0 தவிர எது வந்தாலும் சிக்கல். ரோபோகாப்பியில் 0 என்றால் நகலெடுக்கப் புதிதாக எதுவும் இல்லை, 1 என்றால் ஃபைல்கள் நல்லபடியாக நகலாகின. அந்தப் பக்கம் கூடுதல் ஃபைல் இருந்தால் 2, இரண்டும் சேர்ந்தால் 3. எம்ஐஆரை எடுத்துவிட்டதால் நாளடைவில் 3 அடிக்கடி வரும், வரட்டும். 8 அல்லது அதற்கு மேல் போனால் மட்டும் லாக்கைத் திறங்கள். 0எக்ஸ்10 என்று காட்டினால் அது பத்து அல்ல, 16. எதையுமே நகலெடுக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் டிஸ்க் செருகாத நாளாக இருக்கும்.

நகல் கெடவில்லை. நீங்கள் பாமினி வகை எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள், அது யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை) அல்ல. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. புள்ளி இருக்கும் இடமெல்லாம் அரைப்புள்ளி விசையில் இருப்பதால் அது அவ்வளவு தெரிகிறது. தம்பியின் லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆனால் சும்மா விடக் கூடாது. உங்கள் மெஷின் நாளைக்கே நின்றால் பேக்கப்பில் ஃபைல் இருக்கும், எழுத்துரு இருக்காது. பழைய தமிழ் எழுத்துருக்கள் சில இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. ஒரே பெயரில் கிடைப்பதும் சில சமயம் வேறு பதிப்பாக இருந்து வரி நீளம் மாறிவிடும்.

சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். பழையவை அங்கே இருக்கும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்குப் பிறகு, அட்மின் அனுமதி இல்லாமல் நிறுவியவை உங்கள் யூசர் பெயரின் கீழ் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் போய் உட்காரும். ஆப்டேட்டா மறைவாக இருக்கும், 'வியூ' பக்கத்தில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். இரண்டு இடத்தையும் பாருங்கள்.

சிவகாசி டிடிபி:

பார்த்தேன் அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகைக்கு எடுக்கிற அலங்கார எழுத்துகள் பாதி ஆப்டேட்டாவுக்குள் இருந்தன, அந்த இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பேட்ச் ஃபைலில் இன்னும் இரண்டு வரி சேர்த்து இரண்டு ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் தினமும் எக்ஸ் டிரைவுக்குப் போகும்படி செய்துவிட்டோம். தம்பியின் லேப்டாப்பில் அங்கிருந்தே எழுத்துருவை நிறுவி அதே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தோம். பத்திரிகை முழுசாகத் தமிழில் வந்தது, ஒரு வரிகூட நகரவில்லை. இரண்டாவது டிஸ்க் இந்த மாதமே வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் வைக்கப் போகிறேன்.