பர்லியார் ஏற்றத்தில் எலக்ட்ரிக் கார் பவர் இழந்து நின்றுவிட்டது, மலையில் நம்பி ஓட்டலாமா?

குன்னூர்வாசி:
மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அம்மாவோடு ஏறிக்கொண்டிருந்தேன். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் டேஷ்போர்டில் பவர் குறைகிறது என்று காட்டும் ஆமைப் படம் வந்தது, மிதித்தாலும் இழுவை இல்லை, கொஞ்ச நேரத்தில் திரையே அணைந்துவிட்டது. பின்னால் அரசு பஸ், அதற்கும் பின்னால் கேரட் ஏற்றப் போகிற காலி லாரி. பஸ் கண்டக்டர்தான் ஓடி வந்து பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார், அவருக்குக் கோடி புண்ணியம். பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. சர்வீஸ் சென்டரில் "ஃபால்ட் எதுவும் காட்டல சார், அப்டேட் போட்டாச்சு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்த வண்டியை விட்டால் வேறு இல்லை. எது போயிருக்கும்? இதே இறக்கத்தில் நடந்தால் பிரேக் பிடிக்குமா?

கோவை ஒர்க்ஷாப்:
மோட்டாரோ கியர்பாக்ஸோ போவதாக இருந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு முனகல் சத்தம் கேட்டிருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், குறிப்பாகத் திரையும் சேர்ந்து அணைந்ததால், எனக்கு லைட், திரை, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி பக்கம்தான் சந்தேகம். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் அந்தச் சின்ன பேட்டரியின் கரண்டில்தான் பிடித்து நிற்கிறது. அதற்குச் சார்ஜ் கொடுக்கும் கன்வெர்ட்டர் நின்றால், முதலில் பவர் குறையும், அப்புறம் எல்லாமே விழும். 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது இந்தப் பகுதியில் இருந்த கோளாறுக்காகத்தான். உங்கள் வண்டிக்கும் அதுவே என்று சொல்லவில்லை. ஆனால் "ஃபால்ட் இல்லை" என்ற பதிலோடு வண்டியை எடுக்காதீர்கள். சேமித்து வைத்திருக்கும் ஃபால்ட் கோடுகளை பிரிண்ட் கேளுங்கள், 12 வோல்ட் பேட்டரி பாரம் கொடுத்தால் தாங்குகிறதா என்று லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், வண்டி ஆனில் இருக்கும்போது கன்வெர்ட்டர் எவ்வளவு வோல்ட் தருகிறது என்று உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

பிரேக் பிடிக்கும். உள்ளே இருப்பது ஹைட்ராலிக். பவர் போனால் பூஸ்டர் உதவி இருக்காது, பெடல் கல் மாதிரி இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கும். விட்டு விட்டு மிதிக்காதீர்கள், முழு பலத்தோடு ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்குக்கும் 12 வோல்ட் வேண்டும், அதனால் எச்சரிக்கை வந்த உடனே ஓரம் கட்டி அதைப் போட்டுவிட வேண்டும்.

ஊட்டி டாக்சி:
அண்ணா, இறக்கம் பற்றி நான் சொல்கிறேன். ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்காதீர்கள், இதைத்தான் டூரிஸ்ட்டுகள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெட்ரோல் வண்டியில் செகண்டு கியர் போட்டு இறங்குவோம், இதில் அந்த வேலையை ரீஜென்தான் செய்கிறது, அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியைக் கரண்டாக பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் கரண்டை வைக்க இடமில்லை, ரீஜென் குறைந்துவிடும், முழு பாரமும் பிரேக் பேடு மேல். 1,600 கிலோ வண்டி ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறங்கினால் 8 யூனிட் அளவுக்குச் சக்தி, அதில் பாதி போல பேட்டரிக்குள் வரும். 80 சதவீதத்தில் கிளம்பினால் போதும், கீழே போகும்போது ஏறத்தான் செய்யும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 வளைவு இருக்கிற கல்லட்டி ரோட்டில் பேடு கருகும் வாசனை எத்தனை வண்டியில் அடித்திருக்கிறது தெரியுமா.

கூடலூர் எஸ்டேட்:
எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் கம்பெனியே அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்கிறதே? இல்லாவிட்டால் சதவீதக் கணக்கு தப்பாகும். எனக்கு இன்னொரு பயமும் உண்டு, எஸ்டேட் ரோட்டில் அடியில் கல் இடிக்கிறது, தீப்பிடிக்குமோ என்று.

கோவை ஒர்க்ஷாப்:
நூறு ஏற்றுவதை மலையேறும் முன் கீழே வைத்துக்கொள்ளுங்கள், மேலே வேண்டாம். எல்எஃப்பி மற்ற வகையைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், அதற்காகத் தீயே பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் பலமாக இடித்தால், வண்டி ஓடுகிறதே என்று விடாமல் லிஃப்ட்டில் ஏற்றிப் பேட்டரி பெட்டியின் அடித்தகட்டைப் பாருங்கள். நசுங்கல் இருந்தால் வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள். உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். எலக்ட்ரிக் வண்டிகளின் பாதுகாப்புக்கான இந்திய விதி ஏஐஎஸ் 038-இன் திருத்தத்தில், செல் சூடேறி ஆபத்து உள்ளே வருவதற்கு 5 நிமிடம் முன்பே எச்சரிக்கை வர வேண்டும் என்று இருக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள், பையெல்லாம் அப்புறம்.

குன்னூர்வாசி:
ரொம்ப நன்றி. அன்றைக்கு ஒரு ஜீப் ஓட்டுநர் கயிறு கட்டி இழுக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இழுத்திருக்கலாமா?

ஊட்டி டாக்சி:
வேண்டவே வேண்டாம் அண்ணா. ஓட்டுகிற சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுற்றி கரண்ட் உண்டாக்கும், மோட்டாருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் போய்விடலாம். நாலு சக்கரமும் ஏறுகிற பிளாட்பெட் வண்டிதான் வர வேண்டும். டிக்கியில் ரெண்டு மரக்கட்டை, ஒரு முக்கோண ரிஃப்ளெக்டர், ஒரு 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டர் போட்டு வையுங்கள். சின்ன பேட்டரி செத்திருந்தால் நியூட்ரல்கூட விழாது, ஜம்ப் கொடுத்து நியூட்ரலுக்கு மாற்றினால்தான் பிளாட்பெட்டில் ஏற்ற முடியும்.