நூலகத்துக்கு வருபவர்களை எப்படி அழைப்பது?

வணக்கம். எங்கள் பொது நூலகத்தின் விதிமுறைகளைத் திருத்தி எழுதுகிறோம். நூலகத்தைப் பயன்படுத்துபவர்களை என்ன பெயரிட்டு எழுதுவது என்பதில் உங்கள் உதவி வேண்டும்.

எனக்கு 'வாசகர்' பிடிக்கும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில்கூட 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்றுதான் இருக்கிறது. ஆனால் கணினிக்காகவும், விண்ணப்பம் நிரப்பவும், சும்மா அமைதியாக உட்காரவும் வருபவர்கள்? அவர்களுக்கும் இங்கே முழு உரிமை உண்டு. 'உறுப்பினர்' என்றால் அட்டை இல்லாதவர் விடுபட்டுப்போகிறார். 'வாடிக்கையாளர்' வேண்டவே வேண்டாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இடம் கடை அல்ல. 'பயனர்' பொருந்துகிறது, ஆனால் மென்பொருள் வாடை அடிக்கிறது.

உங்கள் நூலகப் படிவங்களிலும் அறிவிப்புகளிலும் எந்தச் சொல் இருக்கிறது? வருபவர்களிடமே யாராவது கேட்டுப் பார்த்திருந்தால், அவர்கள் சொன்னதை அவசியம் எழுதுங்கள்.