கனூ வள்ளம் நேரா போகுதில்லை, சுத்துது. ரெண்டு கிழமையில ஒபியொங்கோ ஏரிக்குப் போகோணும், உதவி!!

சுதன்_ஸ்கா
வணக்கம், அவசரம். கனூ நேரா போகுதே இல்லை. ஒரு பத்து வலி வலிச்சா தானா சுத்தி காத்து வாற பக்கம் திரும்பி நிக்குது, நானும் மச்சானும் மாறி மாறி பக்கம் மாத்தி எல்லாம் பாத்திட்டம், கை கழண்டதுதான் மிச்சம், கரையில நிண்ட ஆக்கள் வீடியோ எடுக்கிறாங்கள். ஜூன் மாசம் ஒன்ராறியோ அல்கொங்குவின் பார்க்கில ஒபியொங்கோ லேக் ரெண்டு இரவு புக் பண்ணி காசும் கட்டியாச்சு, மகன் ஒவ்வொரு நாளும் கேக்கிறான். கனூ பழுதோ? ஆராவது கெதியா சொல்லுங்கோ.

கிச்சனர்_கார்த்தி
ப்ரோ, எந்த கேனூ? எத்தனை அடி? எத்தனை பேர் உக்காந்தீங்க? வெயிட் யாரு அதிகம், அவர் முன்னாடியா பின்னாடியா? காத்து எந்தப் பக்கம் இருந்து? இதெல்லாம் சொல்லாம எப்படி சொல்றது.

துடுப்பாளி
மாசத்துக்கு ஒருக்கா இந்தக் கேள்வி வருது. முதல்ல தேடிப் பாத்திட்டுக் கேட்டா குறைஞ்சு போக மாட்டீர். பின்னுக்கு இருக்கிறவர் வலப்பக்கம் வலிச்சா கனூ இடப்பக்கம் திரும்பும், அது இயற்கை. வலி முடியிற இடத்தில பெருவிரல் கீழ பாக்கத் துடுப்பைத் திருப்பி வெளிய தள்ளோணும், அதுதான் ஜே ஸ்ட்ரோக். அது தெரியாம அல்கொங்குவினிலயே பெரிய லேக்கை புக் பண்ணினா கனூ என்ன செய்யும் பாவம்.

குருநகர்_தோணி
தம்பி சுதன், பயப்பிடாதையும். பாரம் எங்க இருந்தது? அதைச் சொல்லும். சின்னனில ஐயாவோட வள்ளத்தில போகேக்க முதல் படிச்சது அதுதான், அணியம் (முன்பக்கம்) தாழ்ந்தா எந்த வள்ளமும் சொல்லுக் கேளாது. கனூ எண்டாலும் வள்ளந்தானே.

மொன்றியல்_மலர்
நான் சொல்லுறது, கனூவை விட்டிட்டு கயாக் எடுங்கோ. ரெண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பு, தானா நேராப் போகும், சண்டையும் இல்லை. நானும் இவரும் கனூவில ஒருக்காப் போய் வந்து மூண்டு நாள் கதைக்கேல்லை.

கிச்சனர்_கார்த்தி
ஜே ஸ்ட்ரோக் எல்லாம் தேவையே இல்லைங்க, ரேஸ் விடுறவங்க யாரும் அதை நம்பி ஓட்டுறதில்ல. ஒரு பக்கம் ஆறேழு தடவை போட்டுட்டு பின்னாடி இருக்கிறவர் "ஹட்"னு கத்தினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சைட் மாத்தணும், அவ்ளோதான். வேகமும் குறையாது.

துடுப்பாளி
ரேஸ் வேற, சாமானோட மூண்டு நாள் போறது வேற. ஒவ்வொரு மாத்தலுக்கும் மடியில தண்ணி ஊத்தும். பின்னேரம் ஆகேக்க காச்சட்டை பிழிஞ்சு காயப் போட வேண்டியதுதான்.

சுதன்_ஸ்கா
வாடகைக் கனூ, பச்சைக் கலர். ரெண்டு பேரும் மகனும். காத்து பெரிசா இல்லை.

துடுப்பாளி
பச்சைக் கலர். அப்ப பிரச்சினை தீர்ந்துது.

நீலா_ஒட்டாவா
துடுப்பாளி அண்ணை, அவர் புதுசு, விடுங்கோ.

சுதன், மூண்டு விசயம் மட்டும் சொல்லுங்கோ. ஒண்டு, நீங்களும் மச்சானும் ஆர் பாரம் கூட, அவர் எங்க இருந்தவர். ரெண்டு, வேற பாரம் ஏதும் ஏத்தினீங்களோ, எந்த இடத்தில வைச்சீங்கள். மூண்டாவதுதான் முக்கியம்: முன்னுக்கு இருந்தவருக்கு கால் நீட்ட இடம் இருந்ததோ?

குருநகர்_தோணி
பிள்ளை நீலா நல்ல கேள்வி கேட்டிருக்கிறா. இதுக்குள்ள நான் ஒண்டு கேக்கிறன், சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போறியள்? ரெண்டு இரவெண்டா கொஞ்சம் நெத்தலிக் கருவாடு, புட்டு மா, ஒரு ரின் மீன், காணும்.

கிச்சனர்_கார்த்தி
அங்கிள், அல்கொங்குவின் உள்காட்டுக்குள்ள டின், பாட்டில் ரெண்டும் தடை. எரிச்சு அழிக்க முடியாத, தூக்கிப் போடுற சாப்பாட்டு டப்பா எதுவும் கொண்டு போகக் கூடாது. அடுப்பு கேஸ், பூச்சி ஸ்ப்ரே, மருந்துக்கு மட்டும் விலக்கு.

மொன்றியல்_மலர்
கருவாடோ!!! கரடி கன தூரத்தில இருந்து நடந்து வரும்.

குருநகர்_தோணி
கரடிக்குக் கருவாடும் ஒண்டுதான் பற்பசையும் ஒண்டுதான் பிள்ளை. நாத்தம் உங்களுக்கு, மணம் அதுக்கு. சோப், பற்பசை, பெடியன்ரை இனிப்பு, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மரத்தில ஏத்தோணும். நிலத்தில இருந்து 4 மீட்டர், அடிமரத்தில இருந்து 2 மீட்டர் தள்ளி. கூடாரத்துக்குள்ள சொக்லேட்டை வைச்சுக்கொண்டு படுக்கிற ஆக்கள்தான் கருவாட்டைக் குறை சொல்லுறது.

துடுப்பாளி
ஏத்திறது சரி. கருவாடு பொரிச்ச எண்ணெயும் புகையும் உங்கட சேட்டில ஊறியிருக்குமே, சேட்டையும் மரத்தில ஏத்துவியளோ? சமைச்ச உடுப்போட கூடாரத்துக்குள்ள போறதுதான் பிழையான வேலை. அங்க 1991 இல ஒபியொங்கோவில ஒரு தீவில கரடி ரெண்டு பேரைக் கொன்றது, பகிடி இல்லை.

நீலா_ஒட்டாவா
அண்ணை, அது மிகமிக அரிதான விசயம், சின்னப் பிள்ளையோட போற ஆளை ஏன் வெருட்டுறியள். கருங்கரடி பொதுவா ஆக்களைக் கண்டா விலகித்தான் போகும், சாப்பாட்டு ருசி கண்டதுதான் கரைச்சல்.

மீன்தான் வேணும் எண்டில்லை. நான் பருப்புக் கறி வீட்டிலயே காய வைச்சுக் கொண்டு போறனான். எண்ணெய் விடாமல் தண்ணியா அவிச்சு, மசிச்சு, தாளில மெல்லிசாத் தடவி ஓவனில குறைஞ்ச சூட்டில கதவைக் கொஞ்சம் திறந்து வைச்சு விட்டா இரவுக்குள்ள அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும். பைக்குள்ள உடைச்சுப் போட்டா ஒரு கைப்பிடிக்குள்ள நாலு பேரின்ரை கறி. அங்க போய் கொதிதண்ணி, தேங்காய்ப்பால் பவுடர் ஒரு கரண்டி, தாளிச்ச சாமான் தனியா ஒரு சின்னப் பையில. தேங்காய்ப்பால் விட்டு அவிச்சிட்டுக் காய வைக்காதேங்கோ, கொழுப்பு காயாது, ரெண்டாம் நாள் சிக்கு மணக்கும்.

மொன்றியல்_மலர்
ஐயோ இதைத் தனியா எழுதுங்கோ அக்கா.

சுதன்_ஸ்கா
நான்தான் பாரம் கூட, 95 கிலோ. முன்னுக்கு இருந்தனான், வழி பாக்க. மச்சான் மெலிஞ்சவர், பின்னுக்கு. ஐஸ் போட்ட கூலர் என்ரை காலுக்குப் பின்னால. மகன் நடுவில. கால் நீட்ட இடம் இல்லவே இல்லை, முழங்கால் ரெண்டும் நெஞ்சில முட்டுது, நுனி ஒடுங்கிப் போகுது. மச்சானுக்குப் பின்னால நிறைய இடம் சும்மா கிடந்தது, அதில பையைப் போடலாமோ எண்டு யோசிச்சம். ஏன் கேட்டனீங்கள்?

நீலா_ஒட்டாவா
அப்படித்தான் நினைச்சன். கனூவை மாறிப் பிடிச்சு இருந்திருக்கிறியள். 😄

ரெண்டு சீற்றும் ஒரே மாதிரி வைக்கிறதில்லை. முன் சீற் நுனியில இருந்து தள்ளி உள்ள இருக்கும், கால் நீட்டத்தான். பின் சீற் கடைசி நுனியோட ஒட்டி இருக்கும். உங்களுக்கு முழங்கால் முட்டினது நீங்கள் பின் சீற்றில அந்த நுனியைப் பாத்துக்கொண்டு இருந்ததால. கனூவின்ரை ரெண்டு நுனியும் ஒரே வடிவம் எண்டதால மிதக்கேக்க பாத்தா தெரியாது, வாடகைக்குக் குடுக்கிற இடத்திலயும் கன பேர் சொல்லித் தாறேல்லை.

இப்ப என்ன நடந்திருக்கு எண்டு பாருங்கோ. 95 கிலோவும் கூலரும் நுனிக்குக் கிட்ட. முன்பக்கம் தாழ்ந்து தண்ணியைக் கவ்விப் பிடிச்சிருக்கு, பின்பக்கம் லேசா மேல தூக்கி நிக்குது. காத்து கொஞ்சம் தட்டினாலும் காணும், தூக்கி நிக்கிற பின்பக்கத்தைத்தான் தள்ளும், அது சுத்தி வர முன்பக்கம் காத்தைப் பாத்துத் திரும்பும். பின்னால இருந்து காத்தடிச்சா இன்னும் மோசம். மச்சானோ நடுவுக்குக் கிட்ட இருக்கிறார், அவர் என்ன வலிச்சும் திருப்பிற பலம் வராது. ஜே ஸ்ட்ரோக் ஒழுங்காப் போட்டாலும் அந்த இடத்தில இருந்து பெரிசா உதவாது.

செய்ய வேண்டியது: கனூவைத் திருப்புங்கோ. நீங்கள் பின் சீற், மச்சான் முன் சீற். கூலர் நடுவில குறுக்குத் தடிக்குப் பின்னால, மகன் அதுக்கு முன்னால அடியில ஒரு ஸ்பொஞ்சில, சீற் உயரத்தில இருத்தாதேங்கோ. கரையில தண்ணியில விட்டிட்டு ஒருத்தர் தள்ளி நிண்டு பாருங்கோ, பின்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்தா நல்லம். எதிர்க் காத்து கனக்க வந்தா பாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தலாம், மற்றபடி இல்லை.

குருநகர்_தோணி
நான் அப்பவே சொல்லேல்லையோ, பாரம் எண்டு.

துடுப்பாளி
பாரம் ஒரு பகுதி. ஜே ஸ்ட்ரோக் தெரிஞ்சவன் எப்படி இருந்தாலும் கொண்டு போவான்.

கிச்சனர்_கார்த்தி
அண்ணா ப்ளீஸ்.

ப்ரோ, ரூட் பத்தியும் யோசிங்க. ஒபியொங்கோ பார்க்லயே பெரிய ஏரி, மத்தியானத்துக்கு மேல காத்து எழும்பினா அலை கேனூவுக்குள்ள ஏறும். விடிகாலையில கிளம்பி நடுவுல வெட்டிப் போகாம கரை ஓரமாவே போங்க. அங்க வாட்டர் டாக்சி இருக்கு, கேனூவை மேல கட்டி ஏரியோட வடக்குக் கை வரைக்கும் கொண்டு விடுவாங்க, பையனோட முதல் ட்ரிப்புன்னா வெட்கப்படாம எடுத்துக்கோங்க. ஆசைப்பட்டு ஹேப்பி ஐல் ஏரி பக்கம் மட்டும் போகாதீங்க, அந்த போர்ட்டேஜ் (கேனூவைத் தூக்கிட்டு நடக்கிற பாதை) 2180 மீட்டர், கூலரைத் தூக்கிட்டு நடந்தா மச்சான் உறவு அங்கயே முடிஞ்சிடும். போர்ட்டேஜுக்கு மஞ்சள் போர்டு, கேம்ப் சைட்டுக்கு ஆரஞ்சு போர்டு. ஏரிக்குத்தான் புக்கிங், சைட்டுக்கு இல்ல, முன்னாடி போறவங்களுக்கு நல்ல சைட்.

மொன்றியல்_மலர்
ஜூன் எண்டா கறுப்பு ஈயும் நுளம்பும் சேந்து பிடிக்கிற காலம். கடும் நிற உடுப்புப் போடாதேங்கோ, வெள்ளை, மண் நிறம் எடுங்கோ. தலைக்குப் போடுற வலை கட்டாயம், பெடியனுக்கு ரெண்டு.

துடுப்பாளி
லைஃப் ஜாக்கெட் பெடியனுக்குக் கட்டாயம் போடுங்கோ. பெரியாக்கள் சீற்றில போட்டு மேல இருக்கலாம், முதுகு நோகாது. நீந்தத் தெரிஞ்ச ஆளுக்கு அது சும்மா சுமை.

நீலா_ஒட்டாவா
அண்ணை இதை மட்டும் எழுதாதேங்கோ. ஓவியர் ரொம் தொம்சன் 1917 ஜூலையில இதே பார்க்கில கனூ லேக்கில தனியா கனூவில போனவர், எட்டு நாளைக்குப் பிறகு உடம்புதான் கிடைச்சது. எப்படிச் செத்தவர் எண்டது இண்டைக்கும் வாக்குவாதம், ஆனா அந்த ஏரிகளை அவரை விடத் தெரிஞ்ச ஆக்கள் குறைவு. ஜூன் தொடக்கத்தில தண்ணி இன்னும் குளிர், விழுந்த உடன மூச்சு இழுபடும், நீந்தத் தெரிஞ்சாலும் கை கால் கெதியா விறைக்கும். தண்ணிக்குள்ள நிண்டு ஜாக்கெட் மாட்டிப் பாத்திருக்கிறியளோ?

சுதன், மூண்டு பேரும் போட்டுப் பூட்டுங்கோ. அதோட விசில், தண்ணி அள்ளுற கோப்பை, 15 மீட்டர் மிதக்கிற கயிறு, இந்த மூண்டும் கனடாச் சட்டப்படி கனூவில இருக்கோணும், வாடகைக்கு எடுக்கேக்க கேட்டு வாங்குங்கோ. கவிண்டா கனூவை விட்டிட்டுக் கரைக்கு நீந்த வெளிக்கிடாதேங்கோ, அதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.

துடுப்பாளி
தொம்சன் காலத்தில இப்பத்தைய மாதிரி ஜாக்கெட் இல்லை, அதையும் இதையும் முடிச்சுப் போடுறது சரியில்லை.

குருநகர்_தோணி
நாங்களும் ஜாக்கெட் இல்லாமல்தான் கடலுக்குப் போனாங்கள். போன எல்லாரும் வரேல்லை தம்பி.

மொன்றியல்_மலர்
சுதன் எங்க? ஆளைக் காணேல்லை.

சுதன்_ஸ்கா
மன்னிக்கோணும், ரெண்டு வேலை. நேற்று பிக்கறிங் பிரெஞ்ச்மன்ஸ் பே குடாவில திருப்பி இருந்து பாத்தம். நேராப் போகுது. காத்து இருந்தது, கொஞ்சம் இழுத்தது, சமாளிக்கலாம். கூலர் வீட்டிலயே நிக்கும் எண்டு மனிசி சொல்லிப்போட்டா. வாட்டர் டாக்சி எடுக்கிறம். எல்லாருக்கும் நன்றி.

கிச்சனர்_கார்த்தி
சூப்பர் ப்ரோ. போயிட்டு வந்து எந்த சைட் கிடைச்சதுன்னு சொல்லுங்க, நாங்க ஆகஸ்ட்ல போறோம். டாக்சிக்கு முன்னாடியே சொல்லி வைக்கணுமா?

நீலா_ஒட்டாவா
சொல்லி வைக்கிறது நல்லம் கார்த்தி. காத்தடிக்கிற நாள்லதான் எல்லாரும் ஒண்டாக் கூப்பிடுவினம். திரும்பி வாற நாளுக்கும் நேரம் குறிச்சு வையுங்கோ, அங்க உள்ளுக்குப் போனா ஃபோனை நம்பேலாது.