மேலவீட்டுக் குழு: செந்திலின் டிரக் சனிக்கிழமை கிளம்புகிறது

செந்தில் டெக்சாஸ்: சனிக்கிழமை விடியற்காலை டிரக் எடுக்கிறேன். திங்கள் ராத்திரிக்குள் எடிசன் வந்துவிடுவோம். புதன்கிழமை பால் காய்ச்சுகிறோம், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வந்துவிடுங்கள். சித்ரா அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பிஸ்டல் இருக்கிறது, அதோடு நான்கு மேகசின், தோட்டா அடுக்கிச் செருகுகிற கூடு. உங்கள் நியூ ஜெர்சியில் அதற்கு ஏதோ கணக்கு உண்டாமே?

பத்மா அத்தை: புதன்கிழமை அஷ்டமி இல்லையா? காலண்டர் பார்த்தாயா?

சித்ரா அக்கா எடிசன்: ஒன்றில் எத்தனை தோட்டா?

செந்தில் டெக்சாஸ்: 15. துப்பாக்கி கிளாக் 19 மாடல். பெட்டியோடு வந்த அளவுதான் அக்கா, பெரிதாக எதுவும் தேடி வாங்கவில்லை.

சித்ரா அக்கா எடிசன்: கொண்டு வராதே

சித்ரா அக்கா எடிசன்: இங்கே 10தான்

குமார் சித்தப்பா: பிஸ்டலா? எப்போது வாங்கினாய்?

குமார் சித்தப்பா: குழுவில் ஒரு வார்த்தை இல்லை. கிணற்றடி நிலத்தை விற்றபோதும் இப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

பத்மா அத்தை: குமாரு, அந்தப் பேச்சு இப்போது எதற்கு

ரகு மாமா டென்வர்: செந்தில், பொறுமையாகப் படி. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் வரம்பே கிடையாது. எங்கள் கொலராடோவில் 15. நியூ ஜெர்சியில் 1990இல் 15 என்று வைத்தார்கள், 2018இல் 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். விற்பது மட்டுமல்ல, அலமாரியில் சும்மா வைத்திருந்தாலே குற்றம். 18 மாதம் வரை உள்ளே போடலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 2022 ஜூலைக்கு முன்பே அங்கே கையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், வெளியிலிருந்து புதிதாகக் கொண்டுவரக் கூடாது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் 1994 முதல் 2004 வரை இருந்தது, 10க்கு மேல் பிடிக்கும் மேகசினைப் புதிதாகச் செய்து விற்கக் கூடாது என்று. பத்து வருடக் கெடு முடிந்தது, யாரும் நீட்டிக்கவில்லை. இப்போது நீ ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டினால் நேற்று வரை சரியாக இருந்த பொருள் இன்று குற்றம்.

உமா அத்தை: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரமாக இதைத்தான் டைப் அடித்தாரா. சாப்பாடு ஆறிவிட்டது.

அருண்: 😂

செந்தில் டெக்சாஸ்: மாமா, டிரக்கில் பூட்டி வைத்துக் கொண்டுபோனால் மத்திய அரசுச் சட்டம் ஒன்று காப்பாற்றும் என்கிறார்களே. 1986.

ரகு மாமா டென்வர்: அது கடந்து போகிறவனுக்கு. போய்ச் சேரும் ஊரிலும் அது சட்டப்படி இருக்க வேண்டும். நீ அங்கே குடியேறப் போகிறாய்.

சித்ரா அக்கா எடிசன்: நீ இன்னும் கிரீன் கார்டில் இருக்கிறாய் செந்தில். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தும் வரைக்கும் போகலாம். எனக்கு இதைப் படிக்கும்போதே வயிறு கலங்குகிறது.

கவிதா: இதைத்தான் அண்ணி நான் ஒரு மாதமாகச் சொல்கிறேன்

கவிதா: துப்பாக்கியே வேண்டாம் என்கிறேன்

செந்தில் டெக்சாஸ்: கவிதா, கேரேஜ் கதவை உடைத்த ராத்திரி நீயும் யாழினியும் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு இருபது நிமிடம் இருந்தீர்கள். நான் கையில் கிரிக்கெட் மட்டையோடு நின்றேன். அதை நான் மறக்க மாட்டேன். உள்ளே வருகிறவன் எத்தனை பேர், அவன் கையில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவன் 30 வைத்திருப்பான். சட்டத்தை மதிக்கிற நான் 10ஐ எண்ணிக்கொண்டு நிற்க வேண்டுமா?

பத்மா அத்தை: அய்யோ, இது எப்போது நடந்தது? யாரும் சொல்லவில்லையே

குமார் சித்தப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா. இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் சொல்வதில்லை.

பத்மா அத்தை: குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடு கவிதா

பத்மா அத்தை: அப்பா வைத்திருந்த ரெட்டைக்குழலில் இரண்டு தோட்டாதான். சுட்டுவிட்டு, மடக்கி, காலித் தோட்டாவை உருவி மறுபடி போட வேண்டும். அதற்குள் பன்றி கடலைக்காட்டைத் தாண்டி ஓடிவிடும். அப்பா திட்டிக்கொண்டே வருவார்.

ரகு மாமா டென்வர்: அண்ணி சொன்னதுதான் மொத்த விஷயமும். அந்த மடக்கிப் போடுகிற நேரம்.

ரகு மாமா டென்வர்: 2011 ஜனவரியில் அரிசோனா டூசானில் நடந்ததைச் சொல்கிறேன். கேபி கிஃபோர்ட்ஸ் என்ற எம்.பி. ஒரு கடை வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். வந்தவன் கையில் கிளாக், அதில் 33 தோட்டா மேகசின். ஆறு பேர் செத்தார்கள். அது காலியாகி அடுத்ததைப் போடப் போனபோதுதான் சுற்றி நின்றவர்கள் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். 61 வயது அம்மா ஒருவர் கீழே கிடந்த மேகசினைப் பிடுங்கிக்கொண்டார். கேபியின் கணவர் மார்க் கெல்லி 2013இல் செனட்டில் சாட்சி சொன்னார்: ஒன்பது வயதுப் பெண் குழந்தையின் உயிரை எடுத்தது பதின்மூன்றாவது தோட்டா. பத்தோடு அவன் நிறுத்தி மாற்ற வேண்டியிருந்தால் அந்தப் பெண் இருந்திருப்பாள் என்றார். செந்தில், யாழினிக்கு இப்போது எட்டு.

கவிதா: 😔

குமார் சித்தப்பா: ரெட்டைக்குழல் என்றதும் ஞாபகம் வருகிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்போம். கடைசியாக ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கியது யார்?

பத்மா அத்தை: லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவரோடு போயிற்று.

குமார் சித்தப்பா: போகவில்லை. பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

சித்ரா அக்கா எடிசன்: சித்தப்பா ப்ளீஸ்

செந்தில் டெக்சாஸ்: மாமா, மரியாதையோடுதான் கேட்கிறேன். உங்கள் கொலராடோவில் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. 2021இல் போல்டரில் ஒரு கடையில் 10 பேரைச் சுட்டுக் கொன்றவனிடம் தடை செய்யப்பட்ட மேகசின்தான் இருந்தது. சட்டம் அவனை நிறுத்தியதா?

உமா அத்தை: சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்

ரகு மாமா டென்வர்: நிறுத்தவில்லை. நியாயமான கேள்வி. பக்கத்து வயோமிங்கில் தடையே இல்லை, காரில் போய் வாங்கிவந்தால் யார் பார்ப்பது? ஒரு மாநிலம் மட்டும் போடுகிற வேலி அவ்வளவுதான் தாங்கும். அதனால் வேலியே வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. 2012 ஜூலை 20 ராத்திரி டென்வரை ஒட்டிய அரோராவில் ஒரு தியேட்டரில் படம் ஓடும்போது சுட்டவன் 100 தோட்டா பிடிக்கும் டிரம் மேகசின் வைத்திருந்தான். அது நடுவில் சிக்கிக்கொண்டது. சிக்கியும் 12 பேர். அன்று நம் கிருத்திகா அதே படத்துக்கு வேறொரு தியேட்டரில் நள்ளிரவுக் காட்சிக்குப் போயிருந்தாள். போனை எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் உமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடம் 15 என்று சட்டம் போட்டதற்கு இரண்டு மாநில செனட்டர்களை வாக்கெடுப்பு வைத்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பதவி போகும் என்று பயமுறுத்தியும் வாக்களித்தவர்கள் அவர்கள். நான் அவர்கள் பக்கம்தான், இன்றைக்கும்.

உமா அத்தை: அந்த ராத்திரியைப் பற்றி எழுதாதீர்கள்

அருண்: கோர்ட்டிலும் இழுபறிதான். கலிஃபோர்னியாவில் 2019இல் நீதிபதி பெனிடெஸ் தடை செல்லாது என்றார், ஒரு வாரம் கடைகளில் அள்ளினார்கள். அப்புறம் மேல் கோர்ட் 2025இல் தடை செல்லும் என்றது.

செந்தில் டெக்சாஸ்: 2022 நியூயார்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது, பழைய காலத்து வழக்கத்தோடு ஒத்துப்போகாத கட்டுப்பாடு நிற்காது என்று.

அருண்: 2025 ஜூனில் ரோட் ஐலண்ட் வழக்கை எடுக்க மறுத்தார்களே மாமா. அங்கேயும் 10

சித்ரா அக்கா எடிசன்: கோர்ட்டில் நாளைக்கு என்ன வரும் என்பது டிரக்கை எடுப்பவனுக்கு உதவாது. இன்றைக்கு 10. அவ்வளவுதான்.

பத்மா அத்தை: கிரைண்டர் வருகிறதா டிரக்கில்? சித்ரா வீட்டில் கல் தேய்ந்துவிட்டது என்றாளே

சித்ரா அக்கா எடிசன்: ஆமாம் அத்தை, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 40 பேருக்கு இட்லி

கவிதா: கிரைண்டர் வருகிறது அண்ணி. நீளமாகத் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

செந்தில் டெக்சாஸ்: சரி. நான்கு மேகசினையும் பாலாஜியிடம் இங்கேயே விட்டுவிடுகிறேன். 10 பிடிக்கிற மேகசின் இதற்கே தனியாக விற்கிறார்கள், அங்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கவிதா: பிஸ்டல்?

சித்ரா அக்கா எடிசன்: பிஸ்டலுக்கும் இங்கே வேறு நடைமுறை இருக்கிறது. வக்கீலைக் கேட்காமல் வண்டியில் ஏற்றாதே. வெள்ளிக்கிழமைக்குள் ஒருவரிடம் பேசித் தருகிறேன்.

கவிதா: அதுவும் பாலாஜியிடமே இருக்கட்டும்

செந்தில் டெக்சாஸ்: ராத்திரி பேசலாம் கவிதா

கவிதா: இங்கேயே சொல்லுங்கள். எல்லோரும் இருக்கிறார்கள்.

*செந்தில் டெக்சாஸ் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

குமார் சித்தப்பா: என்ன நீக்கினாய்?

ரகு மாமா டென்வர்: மச்சான், விடுங்கள். செந்தில், ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய். திட்டுவதற்கு இல்லை. அன்றைக்கு நீ மட்டையோடு நின்றதை என்னிடம் நீ சொல்லவே இல்லை, அதைக் கேட்க வேண்டும்.

செந்தில் டெக்சாஸ்: சரி மாமா

பத்மா அத்தை: காலண்டரைப் பார்த்துவிட்டேன். புதன் அஷ்டமிதான். வியாழனுக்கு மாற்றுங்கள்.

சித்ரா அக்கா எடிசன்: வியாழன் எனக்கு ஆபீஸ் அத்தை

குமார் சித்தப்பா: ரெட்டைக்குழலுக்கு ரசீது ஏதாவது இருக்கிறதா என்று யாராவது பாருங்கள்